கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் மஞ்சள் காய்ச்சல் ஊசி: எங்கள் அனுபவம்

வேளச்சேரி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, நாங்கள் நாலு பேரும் ஒரு வருஷம் ஊர் சுற்றக் கிளம்புகிறோம். முதலில் கென்யா, அப்புறம் பிரேசில். இரண்டுமே, கொசுவால் பரவும் மஞ்சள் காய்ச்சல் இருக்கும் நாடுகள். ஊசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்துவார்கள்.

ஒரு பயண முகவர், 'பத்து வருஷம்தான் செல்லும்' என்றார். தவறு. 2016 ஜூலையிலிருந்து இந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். ஆனால் ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். கடைசி வாரம் வரை தள்ளிப் போடாதீர்கள்.

ஊசி போட கிண்டியில் இருக்கும் அரசு கிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனோம். அங்கே நர்ஸம்மா முதலில் கேட்டதே, "முட்டை ஒத்துக்காம போனதுண்டாம்மா?" என்றுதான். இந்தத் தடுப்பூசி முட்டைக்குள் இருக்கும் கோழிக் கருவில் வளர்க்கப்படுவது. என் சின்னவளுக்கு மூன்று வயதில் முட்டை சாப்பிட்டுத் தடிப்பு வந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. டாக்டர் அவசரப்படாமல் எல்லாம் விசாரித்து, சரி என்ற பிறகே போட்டார்கள். அரை மணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்காகவே இந்த இடத்தை யாருக்கும் சொல்வேன்.

அசல் பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சான்றிதழாகத் தரும் மஞ்சள் புத்தகத்தில் எழுதும் பெயர், பாஸ்போர்ட் எண் இரண்டையும் அங்கேயே எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். பெரியவனுக்கு மட்டும் மறுநாள் லேசான காய்ச்சல், ஒரே நாளில் விட்டது.