தனி ஹாட்ஸ்பாட் கருவி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

நான் ஏமாந்தது போல இன்னொருவர் ஏமாறக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

வீட்டிலிருந்து செய்யும் வேலை முழுக்க போன் ஹாட்ஸ்பாட்டில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மதியத்துக்குள் போன் கொதிக்கும், சார்ஜ் இறங்கிவிடும். நான் வெளியே கிளம்பினால் வீட்டில் இருப்பவர்களுக்கு நெட் போய்விடும். சரி, சிம் போட்டால் வைஃபை தரும் தனிக் கருவி ஒன்று வாங்கிவிடலாம் என்று கடைக்குப் போனேன். "போனை விட நன்றாக சிக்னல் இழுக்கும், 150 எம்பிபிஎஸ் வரும், எந்த சிம்மும் போடலாம்" என்றார் விற்பனையாளர். நம்பி வாங்கினேன்.

முதல் வாரமே நெட் மிக மெதுவாக இருந்தது. அதே சிம்மைக் கழற்றி, அதே ஜன்னலோரத்தில் என் போனில் போட்டுப் பார்த்தேன். பல மடங்கு வேகம்! அதன் பிறகுதான் பெட்டியில் பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தேன்: 4ஜி, கேட்டகரி 4. 150 என்பது அந்த வகைக்கு ஏட்டளவில் உள்ள உச்சம். ஒரு டவரைப் பலர் பகிரும்போது அதில் சிறு பங்குதான் நமக்குக் கிடைக்கும். என் போனோ ஒரே நேரத்தில் இரண்டு மூன்று பேண்டுகளை, அதாவது டவர் சிக்னல் அனுப்பும் அலைவரிசைத் தொகுதிகளை, சேர்த்து வாங்குகிறது. அதைவிடப் பெரிய கோளாறு, சுவர் தாண்டி உள்ளே வரும் குறைந்த அலைவரிசை பேண்ட் அந்தக் கருவியில் இல்லவே இல்லை. டவர் ஒன்றுதான், கருவிக்கென்று தனியாக சிக்னல் எங்கிருந்து வரும்? வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். அக்கம்பக்கத்து வைஃபை எல்லாம் நெரிசலடிக்கும் இடம் அது.

வேறு நிறுவன சிம்மைப் போட்டேன். 'சிம் செல்லாது' என்று வந்தது. கருவி ஒரே நிறுவனத்துக்கு லாக் செய்யப்பட்டது! திருப்பிக் கொடுக்கப் போனால், பெட்டியைப் பிரித்துவிட்டீர்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். எந்த சிம்மும் போடலாம் என்று சொன்னவரே அதைச் சொன்னார். இன்றும் மனது ஆறவில்லை.

தனிக் கருவியே வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலைந்து பேர் நாள் முழுக்கப் பயன்படுத்தும் வீட்டுக்கு அது உதவும். ஆனால் வாங்கும் முன் அந்த நிறுவன சிம்மை உங்கள் போனில் போட்டு, நீங்கள் உட்காரும் இடத்திலேயே வேகம் பாருங்கள். அங்கே வராத சிக்னல் கருவியிலும் வராது. மாடல் எண்ணைத் தேடி பேண்ட் பட்டியலைப் பாருங்கள். கடையிலேயே இரண்டு நிறுவன சிம்களைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், லாக் இல்லை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அன்லிமிடெட் பேக் என்றால், வரம்பு தாண்டியதும் வேகம் எவ்வளவுக்கு இறங்கும் என்றும் கேளுங்கள்.

ஒரு மடிக்கணினிக்கு மட்டும் நெட் வேண்டுமென்றால் யூஎஸ்பி கேபிளில் போனை இணைத்தாலே போதும். நெட்டும் கிடைக்கும், போனும் சார்ஜ் ஆகும்.

இன்னொன்று, நாள் முழுக்க சார்ஜரிலேயே வைத்திருந்ததில் மூன்றே மாதத்தில் அந்தக் கருவியின் பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டது. உங்களிடம் இருப்பது அப்படி ஆனால் அன்றே நிறுத்திவிடுங்கள், அழுத்தி மூடப் பார்க்காதீர்கள். இப்போது அலமாரியில் கிடந்த பழைய போனில் இரண்டாவது சிம்மைப் போட்டு ஜன்னலில் வைத்திருக்கிறேன். இரவில் சார்ஜரைக் கழற்றிவிடுகிறேன்.