செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் எடுக்குதில்லை: மலிவு ஓ.பீ.டி. அடப்டர் எவ்வளவுக்கு உதவும்?

ஒரு டாங்க் பெற்றோல் அடிக்கிற காசுகூட ஆகாது. பஞ்சிகாவத்தைக் கடைகளிலும் புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவிலும் கேட்டால் எடுத்துத் தருவார்கள்: தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய நீலப் பெட்டி, ஈ.எல்.எம். 327 புளூடூத் அடப்டர். காரின் எஞ்சின் கோளாறு பார்க்கும் ஓ.பீ.டி. சொக்கெட்டில் (16 பின் உள்ளது) செருகுவது. “ஃபோனோட கனெக்ட் பண்ணினா என்ன கோளாறு எண்டு அதுவே சொல்லும்” என்று சொல்லித்தான் விற்பார்கள். செல்ஃப் நன்றாகச் சுற்றியும் எஞ்சின் பற்றாத நேரத்தில் அது அப்படி எதையும் சொல்லாது. பாதி வேளை ‘கோட் இல்லை’, அதாவது கோளாறு எண் எதுவும் பதிவாகவில்லை என்றுதான் வரும். கோட் பக்கத்தை விட்டுவிட்டு, சென்ஸர் அளவுகளை அந்தந்த நேரத்தில் காட்டும் லைவ் டேட்டா பக்கத்துக்குப் போனால்தான் கொடுத்த காசுக்கு வேலை நடக்கும்.

வாங்கும்போது 1.5, 2.1 என்று இரண்டு ஸ்டிக்கர் கண்ணில் படும். 2.1 தான் புதுசு என்று அதை எடுக்காதீர்கள். அசல் சிப்பை வடிவமைத்த கனேடிய நிறுவனமே 2022இல் மூடிவிட்டது. இந்த விலைக்குக் கிடைப்பவை எல்லாம் நகல்தான். 2.1 என்று ஒட்டியவற்றில் பல கட்டளைகளை வெட்டியிருப்பார்கள். குறிப்பாக, சொக்கெட்டின் 7ஆம் பின் வழியாகப் பேசும் பழைய கே-லைன் (ஒற்றை வயர்த் தொடர்பு) கார்களோடு அவை மல்லுக்கட்டும். 1.5 ஸ்டிக்கரும் உத்தரவாதம் இல்லை, ஸ்டிக்கர் யாரும் ஒட்டலாம். கடை வாசலிலேயே உங்கள் காரில் செருகி, எஞ்சின் ஓடும்போது ஆப்பில் ஆர்.பி.எம். வருகிறதா என்று பார்த்த பிறகு காசைக் கொடுங்கள். பஞ்சிகாவத்தையில் பார்க்கிங் கிடைத்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஐஃபோன்காரர் கவனம்: சாதாரண புளூடூத் அடப்டர் அதோடு இணையாது. வைஃபை வகையோ, புளூடூத் 4.0 எல்.ஈ. வகையோ கேட்டு வாங்க வேண்டும்.

நம்முடைய ரோட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்து, பிறகு ரீகண்டிஷனாக இங்கே வந்த பழைய விட்ஸ், கொரோலா, மார்ச் போன்றவற்றில் அதே 16 பின் சொக்கெட் இருக்கும். 2008க்கு முந்திய பலவற்றில் உள்ளே பேசும் பாஷை வேறு. அடப்டர் லைற் எரியும், ஆப் ‘ஈ.சி.யூ. (எஞ்சினை இயக்கும் கம்பியூட்டர்) இல்லை’ என்று சொல்லும். டோர்க் (Torque) என்ற ஃபோன் ஆப்பில் அந்த மொடலுக்கான இனிஷலைசேஷன் வரியை (தொடர்பைத் தொடங்கும் கட்டளையை) கையால் போட்டால் சில கார்கள் வழிக்கு வரும், சில வரவே வராது. அப்படிப்பட்ட கார் வைத்திருப்பவருக்கு இந்தப் பெட்டி தேவையில்லை. ஒரு டெஸ்ட் லாம்பும் மல்ரிமீற்றரும் போதும்.

இனி விஷயத்துக்கு வருவோம். சொக்கெட் ஸ்டியரிங்குக்குக் கீழே, பெரும்பாலும் வலது முழங்கால் பக்கம் இருக்கும். 16ஆம் பின்னுக்கு எப்போதும் பற்றரிக் கரண்ட், 4க்கும் 5க்கும் ஏர்த். அதனால் திறப்பைப் போடாமலே அடப்டர் லைற் எரிய வேண்டும். எரியாவிட்டால் முதலில் பியூஸைப் பாருங்கள். சில கார்களில் சிகரட் லைற்றருக்கும் இதற்கும் ஒரே பியூஸ். லைற் எரிகிறது, திறப்பை ஓனில் வைத்தும் ஈ.சி.யூ. இணையவில்லை, டாஷில் செக் எஞ்சின் விளக்கும் வரவில்லை என்றால், ஈ.சி.யூ.வுக்கே கரண்ட் போகவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பியூஸ் பெட்டியில் ஈ.எஃப்.ஐ. என்று எழுதிய பியூஸையும் மெயின் ரிலேயையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் ஏதோ ஒரு சென்ஸர் ஷோர்ட்டாகி, ஈ.சி.யூ. சென்ஸர்களுக்குக் கொடுக்கும் 5 வோல்ற் லைனைக் கீழே இழுத்திருக்கலாம். சென்ஸர் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றும்போது செக் எஞ்சின் விளக்குத் திரும்புகிறதோ அதுதான் ஆள்.

இணைந்துவிட்டால் கிராஃப் அழகெல்லாம் வேண்டாம். ஆர்.பி.எம்., வோல்ற், கூலன்ட் வெப்பநிலை, மானிஃபோல்ட் (எஞ்சினுக்குள் காற்றுப் போகும் குழாய்) அழுத்தம் என்ற நான்கை மட்டும் ஒரே திரையில் வைத்துக்கொண்டு 5, 6 செக்கன் செல்ஃப் அடியுங்கள். 10 செக்கனைத் தாண்ட வேண்டாம். அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள், இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டரும் சேர்ந்து போகும்.

ஆர்.பி.எம். 150 முதல் 300க்குள் நிற்க வேண்டும். எஞ்சின் சுற்றுகிற சத்தம் கேட்கும்போதே திரையில் 0 என்றால் எஞ்சின் சுற்றுவதைச் சொல்லும் கிராங்க் சென்ஸரின் சிக்னல் ஈ.சி.யூ.வுக்கு வரவில்லை, சிக்னல் இல்லாமல் ஸ்பார்க்கும் இல்லை, இன்ஜெக்டரும் திறக்காது. சூடாக நிறுத்தினால் ஸ்டார்ட் எடுக்காமல், அரை மணி ஆறவிட்டால் எடுக்கிற கார்களில் இதுதான் முதல் சந்தேகம். ஒரு எச்சரிக்கை: அடப்டர் மெதுவாகத்தான் கேட்கும். சில ஈ.சி.யூ.க்கள் காம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) சென்ஸரின் சிக்னலோடு ஒத்துப்போகும் வரை ஆர்.பி.எம்.மைச் சொல்லவும் மாட்டா. ஒரு முறை 0 வந்ததை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். டாஷிலுள்ள ஆர்.பி.எம். மீற்றரின் முள்ளும் அசையாமல் கிடக்கிறதா என்று பாருங்கள்.

வோல்ற் ஓய்வில் 12.4க்கு மேல் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது. அதற்குக் கீழே போனால் செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கும், ஈ.சி.யூ. மட்டும் விழுந்து விழுந்து எழும்பும். மலிவு அடப்டரின் அளவு அரை வோல்ற் வரை தவறலாம். ஒருமுறை மல்ரிமீற்றரோடு ஒப்பிட்டு ஆப்பில் திருத்திவிடுங்கள். ஒவ்வொரு முறை செல்ஃப் அடிக்கும்போதும் புளூடூத்தே அறுந்து போகிறது என்றால் அதுவே ஒரு தகவல்: பற்றரியையும் ஏர்த் கேபிளையும் பாருங்கள்.

கூலன்ட் வெப்பநிலையைப் பலர் பார்ப்பதே இல்லை. இரவு முழுக்க நின்ற கார், கொழும்புக் காலையில் 27, 30 பாகை காட்டும். உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். மைனஸ் 40 காட்டினால் சென்ஸர் வயர் அறுந்திருக்கிறது. உறைபனி என்று நம்பி பெற்றோலை அள்ளி ஊற்றும் ஈ.சி.யூ.க்களும் உண்டு. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் நனைந்து கறுத்திருக்கும், மணம் மூக்கைத் துளைக்கும். அப்போது அக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். பெரும்பாலான இன்ஜெக்ஷன் கார்களில் அது இன்ஜெக்டரை மூடிவிடும், சிலிண்டர் காய்ந்துவிடும்.

மானிஃபோல்ட் அழுத்தம், கடல் மட்டத்தில் எஞ்சின் நிற்கும்போது 100 கிலோபாஸ்கல் அளவில் இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது கொஞ்சமாவது இறங்க வேண்டும். இறங்கவே இல்லை, செல்ஃப் சத்தமும் தையல் மெஷின் போல ஒரே சீராக, வழக்கத்தை விட வேகமாகக் கேட்கிறது என்றால் டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். அதற்குமேல் திறப்பைத் திருகாதீர்கள்.

இந்தப் பெட்டி வாயே திறக்காத இடம் பெற்றோல். சாதாரண இன்ஜெக்ஷன் கார்களில் லைனில் அழுத்தம் பார்க்கும் சென்ஸரே கிடையாது. பம்ப் செத்தாலும் டாங்க் காய்ந்தாலும் ஆப் பச்சையாகவே காட்டும். கராஜில் இன்ஜெக்டர்களுக்குப் பெற்றோல் கொடுக்கும் ரெயிலில் கேஜ் போட்டுப் பார்த்தால் பல டொயோட்டாக்களுக்கு 3 முதல் 3.5 பார் வர வேண்டும். வீட்டில் செய்யக்கூடியது ஒன்றுண்டு: திறப்பை ஓனில் வைத்து, பின் சீட்டுக்குக் கீழே இரண்டு செக்கன் ‘ங்ங்’ என்று ஓடுகிறதா என்று கேட்பது. ஆனால் பல டொயோட்டாக்களில் செல்ஃப் அடித்தால்தான் பம்ப் ஓடும். இது தெரியாமல் நல்ல பம்பைக் கழற்றி மாற்றியவர்கள் கொஞ்ச நஞ்சம் பேர் இல்லை. அதனால் ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் டாங்க் பக்கம் காதை வைக்க வேண்டும். சத்தமே இல்லையென்றால், அதே நம்பர் உள்ள ஹோர்ன் ரிலேயைக் கழற்றி பம்ப் ரிலே இடத்தில் போட்டுப் பாருங்கள், செலவில்லாத சோதனை. சத்தம் இருந்தும் பற்றவில்லை என்றால், ஏர் ஃபில்டர் குழாயில் கார்புரேட்டர் கிளீனரை ஒரு செக்கன் அடித்து ஸ்டார்ட் போடலாம். ஒரு நொடி பற்றி அணைந்தால் குறை பெற்றோலில்தான். டீசல் எஞ்சினில் இந்த வேலையே வேண்டாம்.

இம்மொபிலைசரும் (சரியான திறப்பு இல்லாமல் எஞ்சினைப் பற்றவிடாத திருட்டுத் தடுப்பு) அப்படித்தான். அதன் கோட் இந்த அடப்டருக்குப் பொதுவாக எட்டாது. டாஷில் திறப்புப் படம் மின்னிக்கொண்டிருந்தால் கொத்திலுள்ள மற்றத் திறப்புகளை எடுத்துவிட்டு முயலுங்கள், அல்லது ஸ்பெயார் திறப்பால் முயலுங்கள்.

மழைக்குப் பிறகும், சேர்விஸ் ஸ்டேஷனில் எஞ்சின் கழுவிய பிறகும் ஸ்டார்ட் எடுக்காத கார்களில் கொயிலைத் தூக்கிப் பார்த்தால் பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கும். ஊதி, துடைத்து, கொயில் ரப்பரைக் காயவிட்டுப் போட்டால் போதும். வெள்ளம் நின்ற ரோட்டில் ஓடி நின்றுபோன காருக்கு மட்டும் இந்தச் சோதனை எதையும் செய்யாதீர்கள். ஏர் ஃபில்டரைத் திறந்து நனைந்திருக்கிறதா என்று பாருங்கள். நனைந்திருந்தால் செல்ஃப் அடிப்பது கனெக்டிங் ரொட்டை வளைப்பதற்குச் சமம். டோ பண்ணுங்கள்.

கோட் வந்தால்? பீ 0335 (P0335) கிராங்க் சென்ஸர் சர்க்கிட், பீ 0340 (P0340) காம் சென்ஸர் சர்க்கிட். ‘சர்க்கிட்’ என்பதைக் கவனியுங்கள். எலி கடித்த வயரும், எண்ணெய் ஊறிய சென்ஸர் பிளக்கும், பலவீனமான பற்றரியும்கூட அதே கோட்டைக் கொண்டுவரும். அவற்றைப் பார்க்காமல் பாவித்த சென்ஸர் வாங்கப் போனால், கரண்ட் சாமானுக்கு ரிட்டர்ன் இல்லை என்ற பதிலோடு வீட்டில் இரண்டு சென்ஸர் இருக்கும். வாங்குவதே முடிவு என்றால் பழையதைக் கழற்றிக் கொண்டுபோய் பார்ட் நம்பரை ஒப்பிடுங்கள். ஆப்பில் உள்ள ‘கிளியர்’ பட்டனை அவசரத்தில் தட்ட வேண்டாம். கோடோடு ஃபிரீஸ் ஃப்ரேமும் (கோளாறு வந்த நேரத்து எஞ்சின் அளவுகளின் பதிவு) அழிந்துவிடும், பிறகு பார்க்கிற பாஸுக்குத் தடயமே இருக்காது. முதலில் ஸ்கிரீன்ஷொட்.

வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். செருகியபடி விட்டால் பற்றரியை மெல்ல மெல்லக் குடித்துக்கொண்டே இருக்கும், கொஞ்சம் ஓய்ந்த பற்றரி ஒரு வாரத்தில் படுத்துவிடும்.

எஞ்சின் தெரிந்த, மல்ரிமீற்றர் பிடிக்கத் தெரிந்த ஒருவர் கையில் இந்த அடப்டர் ஐந்துக்கு நான்கு. ஃபோன் பார்த்துச் சொல்லும் என்று நம்பி வாங்குபவருக்கு இரண்டுகூட இல்லை. ப்ரியஸ், அக்வா வைத்திருப்பவர்கள் இதை வேறு காரணங்களுக்கு வாங்கலாம். அந்தக் கார்களில் செல்ஃப் மோட்டரே கிடையாது, ஹைபிரிட் மோட்டர்தான் எஞ்சினைச் சுற்றும். ‘ரெடி’ விளக்கு வராவிட்டால் முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ற் பற்றரி, அதற்கு மல்ரிமீற்றர் போதும்.