பழைய எஸ்பிரெசோ மெஷின்: பழுது பார்க்க எது தோது?

விற்பவர் போட்டுக் காட்டும் ஒரு கப் காபியை மட்டும் நம்பி பழைய எஸ்பிரெசோ மெஷின் வாங்க வேண்டாம். பல வீட்டு மெஷின்களில் காபித்தூள் போட வரும் இரட்டை அடிச் சல்லடைக்கு ஒரே ஒரு நுண்துளைதான் வெளிவழி. பம்ப் பாதி செத்திருந்தாலும் அது நுரையைக் கிளப்பிவிடும். பார்க்க அழகாக இருக்கும், மெஷினைப் பற்றி ஒன்றும் சொல்லாது. ஒற்றை அடிச் சல்லடையைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம், நீங்கள் போகும்வரை மெஷினைச் சூடாக்காமல் வைக்கச் சொல்லுங்கள். கசிவு, எர்த் கோளாறு, ஹீட்டர் தடுமாற்றம் எல்லாம் குளிர்ந்த நிலையிலிருந்து சூடேறும்போதுதான் தலைகாட்டும்.

பழைய சந்தையில் கிடைப்பவை பெரும்பாலும் மூன்று வகை: உலோகக் கட்டிக்குள் ஓடும்போதே தண்ணீரைச் சூடாக்கும் தெர்மோபிளாக், காபிக்கும் ஆவிக்கும் ஒரே பாய்லர் உள்ள ஒற்றை பாய்லர், ஆவி பாய்லருக்குள் காபித் தண்ணீருக்குத் தனிக் குழாய் உள்ள ஹீட் எக்ஸ்சேஞ்சர். எது நல்ல காபி போடும் என்ற வாதத்துக்கு நான் வரவில்லை. கெட்டுப்போனால் எங்கே கெட்டது என்று எது காட்டிக்கொடுக்கும், எதை நம் கையாலேயே திறக்க முடியும் என்பதுதான் இங்கே கேள்வி. அந்தக் கணக்கில் ஒற்றை பாய்லருக்குத்தான் என் ஓட்டு.

அடிக்கடி வரும் கோளாறையே எடுத்துக்கொள்வோம். பம்ப் சத்தம் போடுகிறது, காபி சொட்டுச் சொட்டாக வருகிறது.

காஜியா கிளாசிக், ரன்சிலியோ சில்வியா போன்ற ஒற்றை பாய்லர் மெஷினில் இதைப் பிரித்துப் பார்ப்பது சுலபம். சல்லடையைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரைக் கழற்றிவிட்டு பம்பை ஓட்டுங்கள். அடுத்து ஆவிக் குழாயைத் திறந்து அதே பம்பை ஓட்டுங்கள். ஆவிக் குழாயில் தண்ணீர் தாராளமாக வந்து, க்ரூப்பில், அதாவது போர்ட்டாஃபில்டரை மாட்டும் தலைப்பகுதியில், மட்டும் சொட்டினால் பம்பும் பாய்லரும் நலம். அடைப்பு மின்சாரத்தால் இயங்கும் சாலினாய்டு வால்விலோ, தண்ணீரைக் காபித்தூள் மேல் பரப்பும் ஷவர் ஸ்க்ரீனிலோ இருக்கிறது. இரண்டு பக்கமும் சோர்ந்து வந்தால் தண்ணீர்த் தொட்டியின் வடிகட்டி, உறிஞ்சு குழாய், பம்ப் என்று பின்னோக்கிப் போக வேண்டும். மூன்றாவதாக ஒன்றும் உண்டு: காபி இறங்கும் நேரத்தில் வால்வின் வடிகுழாய் வழியே தட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால், வால்வின் இருக்கையில் ஏதோ துகள் சிக்கி அது முழுதாக மூடவில்லை. கிளாசிக்கில் அந்த வால்வை இரண்டு ஸ்க்ரூவில் கழற்றிவிடலாம். உள்ளே ஒரு சின்ன உலக்கை, ஒரு ஸ்பிரிங், ரப்பர் முனை, அவற்றுக்குக் கீழே ஊசிமுனை அளவு துளை. அந்தத் துளையில் வெள்ளைச் சுண்ணாம்புத் துணுக்கோ கறுத்த காபி எண்ணெயோ அடைத்திருப்பதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். சுத்தம் செய்தால் போதும், புது வால்வு தேவைப்படாது.

பம்பை மாற்றுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்பதால் பலரும் முதல் வேலையாக அதைத்தான் மாற்றுகிறார்கள், கோளாறு அப்படியே இருக்கிறது. பம்பின் வெளிக்குழாயைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் விட்டால் ஓட்டம் தெரியும். அழுத்தம் தெரிய வேண்டுமானால் அழுத்தம் காட்டும் கேஜ் பொருத்திய போர்ட்டாஃபில்டர் வேண்டும். 9 பார் அளவு காட்டினால் பம்பைக் குறை சொல்ல வழியில்லை. காற்று பிடித்த பம்ப் கடகடவென்று கத்தும், அழுத்தம் ஏறிய பம்பின் குரல் தாழ்ந்து கனமாகும். கொஞ்ச நாளில் காது பழகிவிடும்.

தெர்மோபிளாக்கில் இதே அறிகுறி வந்தால் கதை வேறு. அலுமினியக் கட்டிக்குள் வளைந்து வளைந்து போகும் குறுகிய பாதையில்தான் தண்ணீர் சூடாகிறது, சுண்ணாம்பு படிவதும் அங்கேதான். பம்பிலிருந்து நன்றாக வந்து கட்டியைத் தாண்டியதும் சொட்டினால் அடைப்பு கட்டிக்குள் என்று சொல்லிவிடலாம். கண்டுபிடிப்பதில் சிரமமில்லை. ஆனால் முழுதாக அடைத்த பாதையில் சுண்ணாம்பைக் கரைக்கும் சிட்ரிக் அமிலக் கரைசலும் போகாதே! சில கட்டிகளை ஸ்க்ரூ கழற்றிப் பிளக்கலாம். வளைந்த எஃகுக் குழாயைச் சுற்றி அலுமினியத்தை வார்த்த வகையைப் பிளக்கவே முடியாது, மொத்தமாக மாற்ற வேண்டும். வெப்ப சென்சாரும் கண்ட்ரோல் போர்டும் சேர்ந்துகொண்டால் நம் மல்டிமீட்டர் சொல்வதும் குறைந்துவிடும். அடைப்பில்லாமல், நன்றாக ஓடும் நிலையில் கிடைத்தால் வாங்கலாம். பழுதான தெர்மோபிளாக்கை விலை குறைவென்று தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

ஹீட் எக்ஸ்சேஞ்சர் வேறு தரம். இவற்றில் பலவற்றின் முகப்பில் இருப்பது ஃபாயெமா நிறுவனம் 1961-ல் கொண்டுவந்த ஈ61 க்ரூப். அந்த ஆண்டின் சூரிய கிரகணத்தால் வந்த பெயர். அறுபது ஆண்டு தாண்டியும் பல நிறுவனங்கள் அதே வடிவத்தைப் போடுவதால் கேஸ்கெட்டும் ஸ்பிரிங்கும் கிடைக்காமல் போவதில்லை. இங்கே காபிக்கான தண்ணீர் பாய்லர் தண்ணீரோடு கலக்காது, அதன் நடுவே போகும் தனிக் குழாயில் சூடாகும். அதனால் ஆவி பிரமாதமாக வந்து காபி மட்டும் சொட்டினால் பாய்லரைத் தொடவே வேண்டாம். க்ரூப்பின் தலைப்பகுதியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த துளையுள்ள ஜெட் இருக்கிறது, முதலில் அதைப் பாருங்கள். பாய்லர் சூடாகியும் வெகுநேரம் க்ரூப் குளிர்ந்தே இருந்தால், க்ரூப்புக்குச் சூடான தண்ணீரைக் கொண்டுபோகும் சுற்றோட்டக் குழாயில் காற்றோ சுண்ணாம்போ தடுக்கிறது.

அடுத்தது, சூடாகவே இல்லை என்ற புகார். பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டு, ஆவிக் குழாயைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றிய பிறகே மூடியைத் திறக்க வேண்டும். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது. ஹீட்டரின் இரு ஒயர்களையும் கழற்றி மின்தடையை அளங்கள். 230 வோல்ட்டில் 1200 வாட் ஹீட்டர் சுமார் 44 ஓம் காட்ட வேண்டும். ஹீட்டரின் முனைக்கும் அதன் உலோக உடம்புக்கும் இடையே மின் தொடர்பே இருக்கக் கூடாது. ஹீட்டர் சரியென்றால் சூடு மிஞ்சினால் மின்சாரத்தை அறுக்கும் தெர்மல் ஃபியூஸ், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் என்று வரிசையாகப் போங்கள். ஃபியூஸ் போயிருந்தால் அதை மட்டும் மாற்றி நிறுத்திவிடாதீர்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு சூடு எல்லை மீறியதா என்றும் பார்க்க வேண்டும்.

ஒற்றை பாய்லருக்குள்ளேயே கிளாசிக்கும் சில்வியாவும் பிரிவது இந்த இடத்தில்தான். கிளாசிக்கின் அலுமினிய பாய்லரில் ஹீட்டர் பாய்லரோடு சேர்ந்தே இருப்பதால், எரிந்தால் பாய்லரையே மாற்ற வேண்டும். சில்வியாவின் பாய்லர் பித்தளை, சுமார் 300 மில்லி, ஹீட்டர் தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும். பின்னாளில் வந்தவற்றில் ஹீட்டரைத் தனியாகக் கழற்றலாம். பழசு வாங்கும்போது இதற்காகவே சில்வியாவின் புதிய வகையைத் தேடுவேன்.

சுண்ணாம்பு நீக்க அமிலத்தை ஓட்டுவதா, பிரித்துத் தேய்ப்பதா என்ற கேள்விக்கும் வகைதான் பதில். பிளக்க முடியாத தெர்மோபிளாக்குக்கு அமிலத்தை விட்டால் வழியில்லை. சின்ன பாய்லரைப் பிரித்துவிடுவதே மேல். அமிலத்தில் உதிரும் துணுக்குகள் நேராக வால்வுக்குள் போய்ச் சிக்கும். பித்தளையிலும் செம்பிலும் அமிலத்தை நெடுநேரம் ஊறவிடக் கூடாது. வெளிவரும் தண்ணீர் நீலப்பச்சையாக மாறினால் உலோகம் கரைகிறது என்று பொருள், உடனே வடித்துவிட்டு நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரில் பாய்லரில் தண்ணீர் அளவை உணரும் நீர்மட்டக் கம்பியையும் வெளியே எடுத்துத் துடைக்க வேண்டும். அதில் சுண்ணாம்பு மூடினால் தண்ணீர் தொடுவது தெரியாமல் மெஷின் பாய்லரை நிரப்பிக்கொண்டே போகும், ஆவிக் குழாயைத் திறந்தால் ஆவிக்குப் பதில் கொதிநீர் பீறிடும்.