ரயில் தாமத இழப்பீட்டை வவுச்சராக வாங்கி விடாதீர்கள்

பிரிட்டனில் ரயில் தாமதத்துக்கு இழப்பீடு கேட்டு விண்ணப்பிக்கும் நம்மவர்கள், அந்த விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை அவசரமாகக் கடந்து விட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். நான் அப்படிக் கடந்துதான் 20 பவுண்டை இழந்து நிற்கிறேன்.

சென்ற ஆண்டு மார்ச்சில் நான் சென்ற ரயில் 74 நிமிடம் தாமதமாக ஊர் சேர்ந்தது. தாமதம் ஒரு மணி நேரத்தைத் தாண்டினால் ஒருவழிக் கட்டணம் முழுவதையும், இருவழிச் சீட்டாக இருந்தால் அதில் பாதியையும் தர வேண்டும் என்பது இங்குள்ள ‘டிலே ரிபே’ திட்டத்தின் விதி. பயணம் செய்த 28 நாளுக்குள் கேட்க வேண்டும். என்னுடையது 124 பவுண்டு இருவழிச் சீட்டு என்பதால் எனக்கு 62 பவுண்டு வர வேண்டியிருந்தது. விண்ணப்பத்தில் ‘வவுச்சர்’ என்ற கட்டம் முன்கூட்டியே குறியிடப்பட்டிருந்ததைக் கவனிக்காமல் அனுப்பி விட்டேன். இரண்டு வாரத்தில் தபாலில் நான்கு தாள்கள் வந்தன. மூன்று 20 பவுண்டுக்கு, ஒன்று 2 பவுண்டுக்கு. பணத்துக்குச் சமம்தானே என்று நினைத்து மேசை இழுப்பறையில் வைத்தேன்.

இந்த ஆண்டு பிப்ரவரியில், ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவை அக்கா வீட்டுக்கு அழைத்துச் செல்ல அவற்றை எடுத்தபோதுதான், அவை பணத்துக்குச் சமமே அல்ல என்று புரிந்தது. இணையத்தில் 31 பவுண்டு 50 பென்ஸுக்கு முன்பதிவுச் சலுகைச் சீட்டு இருந்தது. ஆனால் இந்தக் காகித வவுச்சரை இணையத்தில் செலுத்த வழியில்லை. நிலையத்தில் உள்ள இயந்திரமும் அதை ஏற்காது. ஆள் உட்கார்ந்திருக்கும் பயணச்சீட்டு ஜன்னலில் மட்டுமே அது செல்லும். எங்கள் நிலையத்தின் ஜன்னல் பகல் ஒரு மணிக்கே மூடி விடும் என்பதை, வேலை முடிந்து போய், இறக்கி விடப்பட்ட இரும்புத் திரையில் ஒட்டியிருந்த நேர அட்டவணையைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தின் பெரும்பாலான ஜன்னல்களை மூடும் திட்டம் 2023 அக்டோபர் இறுதியில் கைவிடப்பட்டது உண்மைதான். ஆனால் மூடாமல் இருப்பது வேறு, நாம் போகும் நேரத்தில் திறந்திருப்பது வேறு.

இரண்டு நாள் கழித்து, அரை நாள் விடுப்பு எடுத்து ஜன்னலில் நின்றபோது சலுகைச் சீட்டுகள் தீர்ந்து, கட்டணம் 47 பவுண்டு ஆகியிருந்தது. மூன்று 20 பவுண்டுத் தாள்களையும் நீட்டினேன். உள்ளே இருந்த பெண்மணி ஒன்றை என் பக்கமே தள்ளி வைத்து, மீதி திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்றும், மூன்றையும் கொடுத்தால் 13 பவுண்டு போய்விடும் என்றும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். 42 பவுண்டுக்கு வவுச்சரும் 5 பவுண்டுக்கு அட்டையுமாகச் சீட்டு வாங்கினேன்.

மிஞ்சிய 20 பவுண்டுத் தாளின் ஓரத்தில் பொடி எழுத்தில் காலாவதி தேதி இருந்தது. வழங்கிய நாளிலிருந்து 12 மாதம்தான் அது செல்லும். மூன்று வாரமே மீதமிருந்தது. அதைப் பணமாக மாற்றித் தரும்படி நிறுவனத்துக்கு எழுதினேன். வவுச்சரை நானே தேர்ந்தெடுத்தேன் என்று பதில் வந்தது. நானே குறியிடாத ஒரு கட்டத்தை என் விருப்பம் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. திரும்ப எழுதி, மறுமொழிக்குக் காத்திருந்த நாள்களிலேயே அந்தத் தாள் காலாவதியாகி விட்டது.

இழப்பீட்டை வவுச்சராக அல்லாமல் பணமாகவே பெறும் உரிமை பயணிக்கு உண்டு; அது தேசிய ரயில் பயண நிபந்தனைகளிலேயே இருக்கிறது. ஆகவே விண்ணப்பிக்கும்போது வங்கிக் கணக்கு அல்லது நீங்கள் பணம் செலுத்திய அட்டை என்பதை நீங்களே தேர்ந்தெடுத்து, அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே வவுச்சர் கையில் இருந்தால் இன்றே தேதியைப் பாருங்கள். கட்டணத்துக்கு மேல் ஒரு தாளையும் ஜன்னலில் கொடுக்காதீர்கள்.

நிறுவனத்துடன் பேசித் தீராத புகார்களை விசாரிக்க 2018 நவம்பரிலிருந்து ரயில் குறைதீர்ப்பாளர் அமைப்பு இயங்குகிறது. பயணிக்கு அதில் செலவில்லை. தங்கள் தரப்பில் இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்று நிறுவனம் எழுத்தில் தர வேண்டிய கடிதத்தைக் கேட்டிருக்கிறேன். அது கைக்கு வந்ததும், காலாவதியான அந்தத் தாளின் நகலையும் சேர்த்து அங்கே அனுப்பப் போகிறேன்.