பெட்ரோல் காரா, டீசல் காரா: நாகர்கோவில் ஓட்டத்துக்கு எது?

கோட்டாறு, வடசேரி, பார்வதிபுரம் என்று தினமும் 10 கிலோமீட்டர்தான் ஓட்டமென்றால் பெட்ரோலே நல்லது. பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வரும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறிக் கரியை எரிக்க, வண்டி 15, 20 நிமிடம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். ஊருக்குள் நெரிசலில் அதற்கு வழியே இல்லை. பாதியில் இன்ஜினை அணைத்துக்கொண்டே இருந்தால் வடிகட்டி அடைக்கும், எரியாத டீசல் இன்ஜின் ஆயிலில் கலக்கும், மைலேஜும் விழும்.

அடிக்கடி திருநெல்வேலி, மதுரை போகிறவர் டீசல் எடுக்கலாம். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை, திரும்பி வரும்போது ஆரல்வாய்மொழிக் கணவாயில் பலத்த எதிர்க்காற்று. அங்கே வேகத்தைக் குறையுங்கள்.

எதுவானாலும் டேங்க்கை நிரப்பி ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்கிடுங்கள்: 400 கிலோமீட்டருக்கு 25 லிட்டர் பிடித்தால் மைலேஜ் 16.