பிடிஎஸ்7960 டிரைவருடன் இரண்டு ஆண்டுகள்: பிரேக் போட்டால் உறைந்த சென்சார்

இரு சக்கர ரோபோ ஒன்றின் 12 வோல்ட் கியர் மோட்டார்களை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிஎஸ்7960 பலகை (மோட்டாரின் வேகத்தையும் திசையையும் கட்டுப்படுத்தும் டிரைவர்) வைத்து இரண்டு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். பலகைகள் சூடாவதும் இல்லை, எரிந்ததும் இல்லை. ஆனால் முதல் ஆறு மாதங்கள், ரோபோ சட்டென நிற்கும்போதெல்லாம் அசைவை அளக்கும் எம்பியு6050 சென்சாருடனான ஐ2சி தொடர்பு (இரு கம்பித் தரவு இணைப்பு) அறுந்து, ரோபோவின் நிரல் ஓடும் ஆர்டுயினோ பலகை உறைந்துபோகும். சென்சார்தான் பழுதென்று எண்ணி இரண்டை மாற்றிய பிறகே மோட்டார் பக்கம் பார்த்தேன்.

பிடிஎஸ்7960 பலகையை இயக்க நிலையில் வைக்கும் எனேபிள் முனைகளை 5 வோல்ட்டில் கட்டிவிட்டு, வேகத்தைத் துடிப்புகளால் கட்டுப்படுத்தும் இரு பிடபிள்யூஎம் முனைகளுக்கும் பூஜ்யம் கொடுத்தால் மோட்டார் தானாக உருண்டு நிற்கும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் கிரவுண்டை (மின்சுற்றின் பொது நெகட்டிவ்) ஒட்டிய கீழ்ப்பக்க மாஸ்ஃபெட்டுகள் (மின்னணு சுவிட்சுகள்) இரண்டும் ஆன் ஆகி மோட்டாரின் முனைகளை ஷார்ட் செய்வதால், சுழலும் மோட்டார் ஜெனரேட்டராக மாறித் தன்னையே பிடித்து நிறுத்துகிறது. உருண்டு நிற்க வேண்டுமானால் எனேபிளைத் தாழ்த்த வேண்டும். சரிவில் இந்தப் பிரேக்கை நம்ப வேண்டாம். சக்கரம் நின்றதும் பிடிப்பும் போய்விடும்.

என் நிரல் இதைவிட முரட்டுத்தனமானது: முன்னே ஓடும்போதே பின்னோக்கி ஆணை கொடுத்து நிறுத்தினேன். சுருளின் மின்தடை 2.4 ஓம், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தினால் 5 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், முழு வேகத்தில் எதிர்த்திசை கொடுத்தால் ஏறத்தாழ 10 ஆம்பியர் இழுக்கும். அந்த மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பிய மெல்லிய கறுப்புக் கம்பியில், ஆர்டுயினோவின் கிரவுண்டையும் சென்சாரின் கிரவுண்டையும் வெவ்வேறு இடங்களில் ஒட்டியிருந்தேன். இடையில் 0.06 ஓம் இருந்தாலே 0.6 வோல்ட் வித்தியாசம் வந்துவிடும். சென்சார் பூஜ்யம் என்று சொல்வது ஆர்டுயினோவுக்குப் பூஜ்யமாகத் தெரியாமல் போகலாம்.

ஒவ்வொரு கிரவுண்டையும் தனிக் கம்பியாகப் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோன அன்றே உறைவது பெரும்பாலும் நின்றது. மோட்டார் கம்பிகளை முறுக்கிவிட்டு, முனைகளுக்கிடையே ஒன்றும், ஒவ்வொரு முனையிலிருந்து உலோக உறைக்கு ஒன்றுமாக மூன்று 0.1 மைக்ரோஃபேரட் செராமிக் கெப்பாசிட்டர்களை மோட்டாரிலேயே சாலிடர் செய்தேன். உறையை அரத்தால் சுரண்டாவிட்டால் ஈயம் ஒட்டாது, அதிலேயே ஒரு மாலை போனது. இவற்றால் சக்கரச் சுழற்சியை எண்ணும் என்கோடரின் பொய்த் துடிப்புகள் குறைந்தனவே தவிர, உறைவதற்கு மருந்து கிரவுண்டுதான்.

இப்போது வேகத்தை 200 மில்லிவினாடியில் படிப்படியாக இறக்கி, கடைசியில் மட்டும் ஷார்ட் பிரேக் போடுகிறேன். ஆர்டுயினோவில் ஐ2சி தொடர்பைக் கவனிக்கும் வயர் (Wire) நூலகத்தின் டைம்அவுட் வசதி (பதில் வராவிட்டால் காத்திருப்பதை நிறுத்துவது) இயல்பாக அணைந்தே இருப்பதால், அதையும் நிரலில் இயக்கி வைத்திருக்கிறேன். எப்போதாவது ஒரு வாசிப்பு தவறினாலும் ரோபோ நிற்பதில்லை.