மக்காரா, ஹெய்ஸ்கனனா?

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் அணிகள் இளம் வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுதான் டிராஃப்ட். 2017 டிராஃப்டில் தடுப்பாட்டக்காரர்களில் முதலில் போனவர் மீரோ ஹெய்ஸ்கனன்: 3வது இடம், டல்லஸ் அணி. அடுத்த இடத்திலேயே கேல் மக்காரைக் கொலராடோ எடுத்தது.

அன்றைய நிலையில் டல்லஸைக் குறை சொல்ல முடியாது. ஹெய்ஸ்கனன் 17 வயதிலேயே பின்லாந்தின் முதல்நிலை லீகில் வளர்ந்த ஆண்களோடு மோதியவர். மக்கார் ஆடியதோ கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் இளம் வீரர்களுக்கான ஜூனியர் ஏ லீக். அங்கே குவித்த புள்ளிகளை (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவினாலும் ஒன்று) எவ்வளவு நம்புவது என்ற தயக்கம் நியாயமானதே.

ஆனால் மக்காரின் கால்களைப் பாருங்கள். 2022 ஜனவரியில் சிகாகோவுக்கு எதிரான ஆட்டத்தின் கூடுதல் நேரம். வேகமாகச் சறுக்கி வந்தவர், சட்டென்று உடலைத் திருப்பி சிகாகோ வீரர் கிர்பி டாக்கை ஏமாற்றிவிட்டு, பேக்ஹேண்டில், அதாவது மட்டையின் பின்பக்கத்தால், பக் எனும் ரப்பர் வட்டை வலையின் மேற்பகுதிக்குத் தூக்கிவிட்டார். ஒரு தடுப்பாட்டக்காரர் செய்கிற வேலையா அது! அந்த சீசனிலேயே சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் விருது, பிளேஆஃப் எனும் கோப்பைக்கான நாக்-அவுட் சுற்றுகளின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருது, சாம்பியன் அணிக்கான ஸ்டான்லி கோப்பை மூன்றும் அவர் கைக்கு வந்தன.

ஹெய்ஸ்கனனும் லேசுப்பட்டவர் அல்ல. 2020 பிளேஆஃபில் 27 ஆட்டங்களில் 26 புள்ளிகள். டல்லஸ் இறுதிச்சுற்று வரை போனது. ஒரு கோல் முன்னிலையைக் கடைசி இரண்டு நிமிடம் காக்க வேண்டுமென்றால் நான் அவரைத்தான் இறக்குவேன். டிராஃப்டை மறுபடி நடத்தினால் மட்டும் மக்கார்தான், அதுவும் அன்று முதலாவதாகப் போன நீக்கோ ஹிஷியருக்கும் முன்னால்.